காரீயக் காண்டம் – 9: வாய் மூடிய குழாய்

1880. கிளாஸ்கோவில் ஓர் உலைக்கூடம். பழுக்கக் காய்ந்த இரும்புக் குழாயின் வாயைக் கொல்லர் ஒருவர் சம்மட்டியால் அடித்து மூடுகிறார். குழாயின் நீளம் 20 அங்குலம், புறப் பருமன் 4 அங்குலம். உள்ளே ஓடும் துளையோ அரை அங்குலந்தான். அவ்வளவு தடித்த சுவருக்குள் அடைபட்டிருப்பவை எலும்பெண்ணெய், கொஞ்சம் பரஃபின், ஒரு துண்டு லிதியம். இனி அதை உலைக்குள் தள்ளிச் செஞ்சூட்டில் மணிக்கணக்காக வைக்க வேண்டும். எண்ணெய் சிதைந்து வாயுவாகும். வாயு வெளியேற வழி இராது. லிதியம் ஐதரசனைப் பிடித்துக்கொள்ளும். தனித்துப்போன கரி அந்த நெரிசலில் வைரமாக உறையும். ஜேம்ஸ் பாலன்டைன் ஹனே என்ற இளைஞர் போட்ட கணக்கு இது. அவருக்கு அப்போது வயது 25.

கணக்குக்கு இரும்பு ஒத்துழைக்கவில்லை. 80 தரம் முயன்றார். பெரும்பாலான குழாய்கள் வெடித்தன, அல்லது மூடிய வாயால் கசிந்து வெறுங்குழாயாகத் திரும்பி வந்தன. உலை சிதறியதுண்டு, ஆள் காயப்பட்டதுமுண்டு. வெடிக்காமலும் கசியாமலும் ஆறி வெளியே வந்தவை மூன்றே மூன்று. அவற்றை அறுத்துப் பார்த்தபோது கரிய கசடுக்குள் ஏதோ மினுங்கிற்று. பிரிட்டிஷ் நூதனசாலையின் கனிம அறிஞர் ஸ்டோரி-மாஸ்கலின் சோதித்தார். வைரம் என்றார்.

அதன்பின் ஒருவராலும் அந்தக் காரியத்தைத் திருப்பிச் செய்ய முடியவில்லை.

ஹனே உண்மையிலேயே வைரம் செய்தாரா? இதற்கு விடை கிடைக்க 63 ஆண்டு ஆயிற்று. கிடைத்த விடையும் பிறகு தலைகீழானது. அதுவரை அந்தத் துணுக்குகள் நூதனசாலை அலமாரியிலேயே இருக்கட்டும். நாம் இலங்கைக்குத் திரும்புவோம்.

●

சென்ற வாரம் ஆனந்த குமாரசுவாமியோடு பலாங்கொடைப் பக்கம் போயிருந்தோம். இரும்புத் துண்டோடு ஆவாரம் சிராய்களை நீண்ட களிமண் மூசைக்குள் இட்டு, வாயைக் களிமண்ணாலேயே அடைத்து, உலையில் வைத்து உருக்கு எடுத்த கிராமத்தாரைப் பற்றி அவர் எழுதிவைத்ததைப் பார்த்தோம். ஹனேயின் குழாயும் அந்த மூசையும் ஒரே குலம். உலோகமும் கரியும் உள்ளே, காற்று வெளியே. மூசை உருக்குத் தந்தது. குழாய் வைரம் தருமா என்பதுதான் பந்தயம்.

குமாரசுவாமியைக் கலை அறிஞராகவே நமக்குத் தெரியும். அவர் படித்து வந்ததோ நிலவியல். 1900இல், 23 வயதைத் தொடும்போது, லண்டன் நிலவியற் கழகத்தின் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றியது. காரீயம், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கரி.

இந்தத் தீவில் நீலக்கல் உண்டு, மாணிக்கம் உண்டு, வைடூரியம் உண்டு. வைரம் மட்டும் கிடையாது. 'மாத்தறை வைரம்' என்று ஒரு காலத்தில் விற்றது நிறமற்ற சிர்க்கன் கல். வைரமென்று நம்பி வாங்கி ஏமாந்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்தச் சிர்க்கனை மறந்துவிடாதீர்கள், இந்த அத்தியாயத்திலேயே இன்னொரு தரம் வரும்.

வைரத்தின் உடன்பிறப்பான காரீயத்தைத்தான் பூமி நமக்கு அள்ளிக் கொடுத்தது. கேகாலைப் பக்கம் போகல, குருநாகல் பக்கம் கஹட்டகஹ, கொலொங்கஹ. மற்ற நாடுகளில் காரீயம் பாறையோடு செதில் செதிலாகக் கலந்து கிடக்கும். இங்கே பாறையின் வெடிப்புகளில் நரம்பாக ஓடுகிறது. நூற்றுக்கு 95, சில இடங்களில் 99 பங்கு சுத்தமான கரி. வணிக அளவில் இப்படி நரம்பாக வெட்டியெடுக்கும் நாடு உலகிலேயே இது ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கப்பல் கப்பலாக வாங்கியவர்கள் பென்சில்காரர்கள் என்று நினைத்தால் தவறு. வாங்கியவர்கள் மூசைக்காரர்கள். லண்டன் பட்டர்சீயில் மோர்கன், அமெரிக்காவின் ஜேர்சி நகரில் டிக்சன். காரீயமும் களிமண்ணும் கலந்து சுட்ட மூசை கடுஞ்சூட்டிலும் உருகாது, சட்டென்று குளிர்ந்தாலும் வெடிக்காது. பித்தளைக்கும் உருக்குக்கும் அது இல்லாமல் காரியம் நடக்காது. கொழும்பின் கொட்டகைகளில் பெண்கள் முழங்கை வரை கரியோடு இருந்து அதைச் சலித்துத் தரம் பிரித்தார்கள். முதலாம் உலக யுத்தத்தில், பீரங்கிக் குண்டுக்குப் பித்தளை கேட்டுத் தொழிற்சாலைகள் அலறிய 1916இல், ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது.

அந்தக் கரியில் எழுந்த குடும்பங்களின் கதையே தனித் தொடருக்குக் காணும். டொன் சார்ள்ஸ் ஜெமோரிஸ் அத்திகல முதலியார் கஹட்டகஹவின் சொந்தக்காரர். அவருக்கு மூன்று மகள்மார். ஒருவர் கொத்தலாவல வீட்டுக்குப் போனார், ஒருவர் ஜயவர்தன வீட்டுக்கு, ஒருவர் சேனாநாயக்க வீட்டுக்கு. பின்னாளில் இந்நாட்டை ஆண்ட மூன்று குடும்பங்களும் ஒரு காரீயக் குழியால் சம்பந்திகளாயின. 1906இல் முதலியாரின் மகன் சுட்டுக் கொல்லப்பட்டார். சதி செய்ததாக மைத்துனர் ஜோன் கொத்தலாவல மீது வழக்கு. 1907இல், தீர்ப்பு வருமுன்னே, சிறையில் நஞ்சருந்தி இறந்தார் அவர். சுரங்கத் தொழிலை விதவை அலிஸ் கையில் எடுத்தார். மகனுக்கு அப்போது 10 வயது. தகப்பனின் பெயர்தான் அவனுக்கும்.

அந்தப் பையனும் இந்த அத்தியாயத்தில் திரும்பி வருவான்.

●

இதற்கிடையில் அமெரிக்காவில் ஒருவர் வைரம் தேடிப் போய் நம் வயிற்றில் அடித்தார்.

எட்வர்ட் குட்ரிச் அச்சிசன். எடிசனிடம் வேலை பார்த்தவர். 1891இல் பென்சில்வேனியாவில், ஓர் இரும்புச் சட்டிக்குள் களிமண்ணையும் கற்கரித் தூளையும் போட்டு மின்சாரம் பாய்ச்சினார். செயற்கை வைரத்தில் அவருக்குக் கண். சட்டி ஆறியபின், மின்சாரம் பாய்ச்சிய கரிக்கோலில் ஒட்டியிருந்த மினுக்கத் துணுக்கைப் பென்சில் முனையில் பொருத்திக் கண்ணாடியில் கீறினார். கண்ணாடி கீறுப்பட்டது. வைரம் அல்ல, சிலிக்கனும் கரியும் சேர்ந்த புதுப்பொருள். அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். நம் வீடுகளில் கத்தி தீட்டும் சாணைக்கல்லில் இருப்பது அதுதான்.

அத்தோடு விட்டிருந்தால் நமக்குக் கவலையில்லை. கார்போரண்டத்தை இன்னும் இன்னும் சூடாக்கியபோது சிலிக்கன் ஆவியாகிப் பறந்தது. அடியில் தங்கியது காரீயம், சுத்தமான செயற்கைக் காரீயம். 1896இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். யுத்தம் முடிந்ததும் இலங்கைக் காரீயத்தின் விலை விழுந்தது. யுத்தம் ஓய்ந்தது ஒரு காரணம், மடகாஸ்கரின் மலிவான செதிற்காரீயம் இன்னொரு காரணம். அச்சிசனின் உலை மெல்லக் கொன்றது. பழைய நாட்கள் திரும்பவேயில்லை.

வைரம் தேடியவர்களின் பட்டியல் நீளம். 1893இல் பாரிஸில் ஆன்ரி மொய்சான், உருகிய இரும்பில் சீனிக்கரியைக் கரைத்துத் திடீரெனக் குளிரவைத்தார். வெளித்தோல் இறுகும்போது உள்ளிருக்கும் கரி நெருக்குப்படும் என்பது அவர் யோசனை. அதாவது உலோகமே தனக்குத் தானே மூடிய பாத்திரம். அருமையான யோசனை. வைரம் கிடைத்தது என்றார். உதவியாளன் ஒருவன் கிழவரின் மனம் குளிர ஒரு வைரத் துணுக்கை நழுவவிட்டான் என்று பின்னால் ஒரு கதை உலவியது. நீராவிச் சுழலி கண்ட சார்ள்ஸ் பார்சன்ஸ் பல ஆண்டுகள், பெரும் பணம் செலவழித்து, எல்லோருடைய சோதனையையும் திருப்பிச் செய்தார். 1928இல் அவர் பக்கமிருந்து வந்த முடிவு: மொய்சானும் செய்யவில்லை, ஹனேயும் செய்யவில்லை, தானும் செய்யவில்லை.

தன்னையும் சேர்த்துத் தள்ளிவைத்த அந்த நேர்மைக்காகவே பார்சன்ஸை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் 1943இல் பானிஸ்டரும் கத்லீன் லொன்ஸ்டேலும் நூதனசாலை அலமாரியைத் திறந்தார்கள். ஹனேயின் துணுக்குகள் பன்னிரண்டை எக்ஸ் கதிரில் பிடித்துப் பார்த்தார்கள். அவற்றில் 11 வைரங்கள்!

அப்படியானால் பார்சன்ஸ் தோற்றாரா? அதுவும் இல்லை. எழுபதுகளில் இன்னும் நுட்பமான சோதனை வந்தபோது, அவை பூமிக்குள் விளைந்த இயற்கை வைரங்கள் என்று தெரிந்தது. குழாய்க்குள் அவை எப்படிப் புகுந்தன என்பதைச் சொல்ல ஆள் இல்லை.

●

வைரக் கதையின் அடுத்த இழை மின்குமிழில் தொடங்குகிறது. மின்குமிழுக்குள் இருக்கும் டங்ஸ்டன் கம்பியைத் தலைமயிர்போல் இழுக்க வேண்டுமானால் அதை ஒரு துளைக்குள்ளால் இழுக்க வேண்டும். துளை தேயக் கூடாது. ஆகவே வைரத்தில் துளைத்தார்கள். செலவு தாளவில்லை. ஜெர்மனியின் ஒஸ்ராம் கம்பனியில் கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் ஒரு வழி கண்டார். டங்ஸ்டன் கார்பைடு என்ற கடும்பொருளின் தூள், அதோடு கொஞ்சம் கோபால்ட் தூள். கலந்து அச்சில் அழுத்திச் சுடுவது. கார்பைடு உருகாது, கோபால்ட் மட்டும் இளகித் துணிக்கைகளின் இடுக்குகளில் ஓடி எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும். குழற்புட்டு மாதிரித்தான். மா கரைவதில்லை, ஆனாலும் குழலின் வடிவத்தில் உதிராமல் நிற்கிறது. வேலைத்தளக்காரர் இந்த முறையைச் 'சின்டரிங்' என்பார்கள்.

ஜெர்மனியில் குரூப் அதை விடியா என்ற பெயரில் விற்றது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கார்போலோய் என்று விற்றது. வைரத்துக்கு மாற்றாக வந்த சரக்கு அது. வைரத்தைப் பெற்றெடுக்கும் வேலையும் அதன் தலையில்தான் விழப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1951இல் நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஓர் அணியைக் கூட்டியது. பண்டி, ஸ்ட்ரோங், வென்டோர்ஃப், ஹோல். கம்பனி 1,25,000 டொலருக்கு 1,000 தொன் அழுத்தப் பொறி வாங்கியது. யூட்டா மாநிலத்திலிருந்து வந்த ட்ரேசி ஹோலுக்கு அமைந்ததோ 400 தொன் பழைய பொறி. தண்ணீர் கசியும், நிலமெல்லாம் ஈரம். அந்தப் பொறிக்கென்று ஹோல் ஒரு புது அச்சு வடிவமைத்தார். நடுவே தடித்த வளையம், மேலும் கீழும் அதற்குள் இறங்கும் இரு கூம்புகள். அதைக் கார்போலோயில் செய்து தரும்படி கேட்டார். முதலில் கைவிரித்தார்கள். பிடிவாதமாக நின்று வாங்கினார்.

நம் கதைக்கு முக்கியம் அந்த வளையத்துக்குள் வைத்த பாத்திரம். மாக்கல்லைப்போல மென்மையான பைரோஃபிலைட் என்ற கல்லில் அதைக் குடைந்தார். கூம்புகள் இறங்கும்போது அந்தக் கல் நசுங்கி வழிந்து இடுக்குகளில் ஏறும். ஏறி இறுகிக் கதவடைக்கும். ஹனே கொல்லனைக் கொண்டு அடைத்த வாயை ஹோல் அழுத்தத்தைக் கொண்டே அடைத்தார். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். இரும்புக் குழாய்க்கு இல்லாத புத்தி அந்தக் கல்லுக்கு இருந்தது.

1954 டிசம்பர் 16. பாத்திரத்துக்குள் காரீயக் குழல், அதற்குள் இரும்புச் சல்பைட்டு, மின்சாரம் பாய்ச்ச டாண்டலம் வட்டுகள், விதையாக இரண்டு இயற்கை வைரத் துணுக்குகள். ஏறக்குறைய 1,00,000 வளிமண்டல அழுத்தம், 1,600 பாகை செல்சியஸ் வெப்பம், 38 நிமிடம். நிறுத்தினார். உடைத்தார். டாண்டலம் வட்டின்மேல் முக்கோண முகங்கள் பளிச்சென்று மின்னின. கை நடுங்கிற்று, முழங்கால் தளர்ந்தது, உட்கார வேண்டியதாயிற்று என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அதே கூடத்தில் ஒரு வாரத்துக்கு முன்னரே வேறொரு சோதனை நடந்திருந்தது. டிசம்பர் 8 இரவு ஸ்ட்ரோங் வைத்த பாத்திரம். அதிலிருந்த ஏதோ ஒன்று மெருகேற்றும் வட்டையே கீறிவிட்டது. அதுவும் வைரம்! முதலில் செய்தவர் யார் என்று நாற்பது ஆண்டு முணுமுணுப்பு. 1993இல் ஜெனரல் எலெக்ட்ரிக் அணியினரே ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். ஸ்ட்ரோங்கின் பாத்திரத்தில் கிடைத்தது இயற்கை வைரம். ஹனேயின் பேய் அங்கேயும் புகுந்திருந்தது. ஹோலுடையது மட்டும் நின்றது. ஆண்டின் கடைசி நாளன்று ஹியூ வூட்பரி என்ற சகஊழியர் அதைத் தனியே திருப்பிச் செய்தார். 1955 பெப்ரவரி 15இல் கம்பனி உலகுக்கு அறிவித்தது.

அந்த டிசம்பரில் இலங்கையின் பிரதமர் யார்? பத்து வயதில் தகப்பனை இழந்த அந்தப் பையன். சேர் ஜோன் கொத்தலாவல. கல்கிசையிலிருந்து காலி வீதியில் தெற்கே கொஞ்சம் போனால் இரத்மலானையில் அவருடைய கந்தவல வளவு. இன்று அங்கே அவர் பெயரில் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டிசம்பர் 28இல் அவர் இந்தோனேசியாவின் போகோரில் நேருவுடனும் ஊ நூவுடனும் உட்கார்ந்து, அடுத்த ஆண்டின் பாண்டுங் மாநாட்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். காரீயச் சுரங்கக் குடும்பத்துப் பிரதமர் ஆளும் நாடு காரீயத்தை மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்த அதே மாதத்தில், காரீயத்தைப் பிழிந்து வைரம் எடுத்தது ஸ்கெனக்டடி. ஸ்கெனக்டடியின் கதவைத் தட்டிப்பார்க்க இங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதே என் வருத்தம். இன்றைக்கும் அதற்குச் சாக்குச் சொல்கிறோம்.

ஹோலுக்குக் கம்பனி கொடுத்த சன்மானம் 10 டொலர் சேமிப்புப் பத்திரம். 1955இல் அவர் வேலையை விட்டு யூட்டாவுக்குத் திரும்பினார். தன்னுடைய அச்சைத் தானே பயன்படுத்த அரசாங்கத்தின் இரகசியக் கட்டளை இடம் தரவில்லை. ஆகவே அந்தக் காப்புரிமையில் முட்டாத வேறொரு பொறியைப் புதிதாகக் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட மனிதர். வென்டோர்ஃப் அங்கேயே தங்கினார். கரி எதிலிருந்து வந்தாலும் வைரம் ஆகும் என்று காட்ட, நிலக்கடலை வெண்ணெயை அச்சில் வைத்து வைரமாக்கியவர் அவர். அவரையும் நினைவில் வைத்திருங்கள்.

●

பொறியிலிருந்து வந்தது மோதிரத்தில் வைக்கும் கல் அல்ல. மணல். மஞ்சளும் பச்சையுமாக, உப்புத் தூளிலும் பொடியாக. உலகிலேயே கடும்பொருள் கை நிறைய இருக்கிறது, பிடித்து வேலை செய்யத்தான் பிடி இல்லை. எப்படி ஒட்டுவது?

சுலபமான வழியை நாம் தினமும் காதால் கேட்கிறோம். கல்கிசையிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியின் இரு பக்கமும் தொடர்மாடிகள் எழும்புகின்றன. ஒவ்வொன்றிலும் தளக்கல் வெட்டும் பிளேட் அலறுகிறது. அடுத்த தரம் அது நின்றிருக்கும்போது கிட்டப்போய்ப் பாருங்கள். உருக்கு வட்டின் விளிம்பில் பல் பல்லாக மங்கிய செம்பு நிறத் துண்டுகள். விரலால் தடவினால் உப்புத்தாள்போல் நறநறக்கும். வெண்கலம், கோபால்ட், இரும்பு ஆகியவற்றின் தூளோடு வைரமணலைக் கலந்து, அச்சில் நிரப்பி அழுத்தி, மின்சாரச் சூட்டில் 700 முதல் 900 பாகை வரை சில நிமிடம் வைத்து எடுத்த துண்டுகள் அவை. அச்சு எதில் செய்தது தெரியுமா? காரீயத்தில். அச்சிசனின் உலை வழிவந்த செயற்கைக் காரீயம்.

கல்லை அறுக்க அறுக்க உலோகம் தேயும், புது வைரங்கள் தலைகாட்டும். வழுவழுப்பான கடுங்கல்லில் உலோகம் தேயாமல் நின்றுவிட்டால் பிளேட் மழுங்கும். தளக்கல் பதிக்கும் பாஸ்மார் அதைத் தூக்கி எறிவதில்லை. ஒரு சீமெந்துக் கல்லில் நாலு தரம் இழுப்பார்கள். சொரசொரப்பு உலோகத்தைத் தின்று வைரத்தின் கண்ணைத் திறந்துவிடும். பிளேட் மறுபடி வெட்டும்.

இந்த முறையில் வைரங்கள் உலோகத்துக்குள் புதைந்து கிடக்கின்றன. ஒன்றையொன்று தொடவில்லை. கல்லுக்கு அது போதும். எண்ணெய்க் கிணற்றுக்குப் போதாது. பிரேசிலின் பஹியாவில் கார்போனாடோ என்று ஒரு கறுப்பு வைரம் கிடைக்கிறது. இலட்சக்கணக்கான நுண்மணிகள் ஒன்றோடொன்று பின்னிய கட்டி. எந்தப் பக்கம் அடித்தாலும் பிளக்காது. மனிதன் கையால் அதைச் செய்ய முடியுமா?

1970இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் முடியும் என்று எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பத்து டொலர் ஹோல். தூள் வைரத்தைக் கொடிய அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுக்கிச் செயற்கைக் கார்போனாடோ செய்திருந்தார். அடுத்த ஆண்டே அதே சஞ்சிகையில் காட்ஸ்மனும் லிபியும் எழுதினார்கள். தொல்பொருள்களின் வயதைக் கரியைக் கொண்டு கணித்து 1960இல் நொபெல் பரிசு பெற்ற அதே வில்லார்ட் லிபி. அவர்கள் வைரத்தூளோடு கோபால்ட்டைச் சேர்த்திருந்தார்கள். ஷ்ரோட்டர் கார்பைடுக்குச் செய்ததை வைரத்துக்கே செய்தார்கள்.

இங்கே கோபால்ட் செய்யும் வேலை பசை வேலை அல்ல. 1,400 பாகைக்கு அண்மையில், 50,000 வளிமண்டலத்துக்கு மேலான நெரிசலில், உருகிய கோபால்ட் வைரமணிகளின் இடுக்குகளில் ஓடுகிறது. மணிகளின் கூர்முனைகளைக் கொஞ்சம் கரைக்கிறது. கரைத்த கரியை மணியும் மணியும் தொடும் இடத்தில் திரும்ப வைரமாகவே படியவிடுகிறது. ஆறியபின் பார்த்தால் தூள் இல்லை. வைரம் வைரத்தோடு கூடி வளர்ந்த ஒரே கட்டி.

ஆனால் தூள் நுணுக நுணுக ஒரு தொல்லை வளர்ந்தது. நுண்மணிகளின் மேற்பரப்பில் காற்றும் நீராவியும் ஒட்டிக்கொண்டே வரும். உள்ளே கொஞ்சம் ஒட்சிசன் மிஞ்சினாலும் மணிகள் ஒட்டாது, கட்டி உதிரும். தூளை வெற்றிடத்தில் வறுத்துக் காற்றை விரட்டி, மறுபடி காற்றுப் புகுமுன் உலோகக் கிண்ணத்தில் அடைத்து வாயை மூட வேண்டும். பலாங்கொடை மூசையில் களிமண் செய்த வேலை அது. எந்த உலோகத்தில் கிண்ணம் செய்வது? டாண்டலம் ஆகும், மொலிப்டினம் ஆகும். இன்னொன்றும் ஆகும், சிர்க்கோனியம். மிஞ்சிய ஒட்சிசனைத் தானே விழுங்கிவிடும். மாத்தறை வைரமென்று விற்றோமே அந்தச் சிர்க்கன் கல், அதற்குள் இருக்கும் உலோகம். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் அது இருக்கிறது.

1973 ஜூலை 17. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் காப்புரிமை ஒன்று பதிவாகிறது. எழுதியவர்கள் வில்லியம் ரொக்கோவும், நிலக்கடலை வென்டோர்ஃபும். சிர்க்கோனியக் கிண்ணம். அடியில் வைரத்தூள், அதன்மேல் கோபால்ட் கலந்த டங்ஸ்டன் கார்பைடு. மூடி, நெரித்து, சூடாக்கினால் கார்பைடிலிருந்து கோபால்ட் வழிந்து வைரத்தூளுக்குள் ஊறி ஏறும். கார்பைடு அடித்தளமும் வைர மேற்தளமும் ஒரே வில்லையாக வெளிவரும். 1976இல் அந்த வில்லைகளைப் பதித்த எண்ணெய்க் கிணற்றுத் துரப்பணங்கள் சந்தைக்கு வந்தன. சுண்ணக்கல்லையும் களிக்கல்லையும் வேகமாகச் சீவிக்கொண்டு இறங்கின.

ஹனே 80 தரம் முயன்று தேடிய வெற்றி ஒரு விரல்நுனிக் கிண்ணத்துக்குள் வந்துவிட்டது. கதை இத்தோடு முடிந்ததென்றுதான் ஸ்கெனக்டடியிலும் நினைத்திருப்பார்கள்.

கடும்பாறையில் இறங்கியபோது துரப்பணத்தின் நுனி சூடேறியது. 700 பாகையை அண்டியதும் வில்லைகள் வெடிப்புவிட்டு உதிரத் தொடங்கின. நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். குற்றவாளி உள்ளேயே இருந்தது. வைரத்தைவிடக் கோபால்ட் பலமடங்கு அதிகமாக விரிகிறது, இடுக்கில் இருந்துகொண்டு மணிகளைப் பிளக்கிறது. அதோடு விடவில்லை. அழுத்தத்தில் கரியை வைரமாக்கிய அதே கோபால்ட், அழுத்தம் இல்லாத சூட்டில் வைரத்தைத் திரும்பக் காரீயமாக்கிக்கொண்டிருந்தது.

கோபால்ட்டை விட்டுவைத்தால் வைரம் அழியும். எடுத்துவிட்டால் அந்த இடமெல்லாம் ஓட்டை. ஓட்டை விழுந்த வில்லை பாறையைத் தாங்குமா? போவன்கேர்க், ஜிகிள் என்ற இருவர் ஒரு வில்லையை எடுத்துக் கொதிக்கும் அமிலத்துக்குள் போட்டார்கள்.

அது என்ன ஆயிற்று என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)